துவாய்க்கு மேல வெச்ச டேப்

போன விடுமுறையில் நாங்கள் மூணு பேர் சேர்ந்து ஒரு வேலையைத் தொடங்கினோம். மருதமுனையில் எங்கட கூட்டாளி ஒருத்தனின் வீட்டில் ஒரு பழைய றெக்கோட் பிளேயரும், கொஞ்ச இசைத்தட்டும், ஒரு பெட்டி நிறைய கெசட்டும் கிடந்தன. எல்லாத்தையும் கொம்பியூட்டரில் ஏத்தி வைப்பம் என்பதுதான் திட்டம். அம்பிட்டுத்தான். வரலாறு எழுதுற யோசனை எல்லாம் அப்போது இல்லை.

கண்ணாடி ஷோகேஸின் மேல்தட்டில் பிளேயரை வைத்தோம். இடமில்லாததால் ரெண்டு ஸ்பீக்கரையும் அதே தட்டில் பக்கத்தில் வைத்தோம். முதலாவது தட்டு நாகூர் ஹனிபா. மெதுவாக வைத்துக் கேட்கும்வரை ஒரு பிரச்சினையும் இல்லை. சத்தத்தைக் கூட்டினதும் அடியிலிருந்து "ஊ" என்று ஒரு ஊளை கிளம்பி, பாட்டையே விழுங்கிக்கொண்டு மேலே மேலே ஏறியது. வயரைக் கழற்றி மாட்டினோம், ஊசியைத் துடைத்தோம், கறண்டைக் குறை சொன்னோம். அப்போதுதான் கூட்டாளியின் வாப்பா உள்ளே வந்தார். ஒண்டும் கேட்கவில்லை. ரெண்டு ஸ்பீக்கரையும் தூக்கி சீமெந்துத் தரையில் வைத்தார். கொடியில் கிடந்த துவாயை நாலாக மடித்து பிளேயருக்குக் கீழே செருகினார். ஊளை நின்றுவிட்டது.

"பொட்டியையும் தட்டையும் ஒரே பலகையில வெச்சா கத்தாம என்ன செய்யும்?"

"இத உங்களுக்கு ஆரு சொல்லித் தந்த?" என்று கேட்டோம்.

"ஆரும் சொல்லித் தரல்ல. எல்லாரும் அப்பிடித்தான் வெச்ச."

இந்தக் கட்டுரை அந்தக் கடைசி வசனத்திலிருந்து வந்தது. எல்லாரும் அப்படித்தான் வைத்தார்கள் என்றால், எப்போதிருந்து? எதற்கெல்லாம்? வானொலி வரலாறு என்று எடுத்தால் அறிவிப்பாளர்களின் பெயர் வருகிறது, நிகழ்ச்சிகளின் பெயர் வருகிறது. பெட்டிக்குக் கீழே என்ன வைத்தார்கள் என்பது எங்கேயும் வருவதில்லை. இணையத்தில் தேடினால் அதற்கென்றே நாலு கால் விற்கிறார்கள். கறுப்பு றப்பர் கால், சுருள்கம்பி வைத்த கால், கூரான பித்தளைக் கால் என்று பல சாதி. நாலு காலுக்கு ஒருவர் போட்டிருந்த விலையில் ஒலுவிலில் எங்களுக்கு ஒரு மாசப் போர்டிங் காசு கட்டலாம். துவாய் செய்கிற வேலைக்கு இந்த விலையா என்று சிரித்துவிட்டுத்தான் வாசிக்கத் தொடங்கினோம். வாசிக்க வாசிக்கச் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

ஒரு பொருத்தத்தில் இருந்து தொடங்குவோம். 1876ல் லண்டன் கியூ தோட்டத்தில் இருந்து 1,919 றப்பர் கன்றுகள் கப்பலேறி இலங்கைக்கு வந்தன. பிரேசிலில் இருந்து எடுத்துப்போன விதையில் முளைத்த கன்றுகள் அவை. கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நட்டார்கள். அடுத்த வருசம், 1877ல், அமெரிக்காவில் எடிசன் தகரத்தாளில் தன் குரலைப் பதிந்து திருப்பிக் கேட்டார். ஒலிப்பதிவும் இலங்கை றப்பரும் கிட்டத்தட்ட ஒரே வயசு. ரெண்டும் ஒன்றையொன்று தேடிவர இன்னும் எழுபது எண்பது வருசம் ஆனது.

காரணம், ஆரம்பத்தில் அதிர்வு ஒரு பிரச்சினையே இல்லை. சாவி கொடுக்கிற கிராமபோனின் ஊசி உருக்கு. அது தட்டின் மேல் நூறு கிராமுக்கும் கூடிய பாரத்தோடு அழுத்திக்கொண்டு ஓடும். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஊசியை மாற்றவேண்டும், அவ்வளவு தேய்மானம். அந்தப் பாரத்தில் போகிற ஊசியை ஒருவர் நடக்கிற அதிர்வு அசைக்காது. இன்னொன்று, அதில் மின்பெருக்கி இல்லை. ஊசியின் அசைவு ஒரு மெல்லிய தகட்டை அசைக்கும், தகடு குழலுக்குள் காற்றை அசைக்கும். கேட்பது அவ்வளவுதான். பெருக்கி இல்லாத இடத்தில் ஊளையும் இல்லை. 1925 டிசம்பரில் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்குவதற்கு முன்னமே, தந்தித் திணைக்களத்தின் எட்வர்ட் ஹாப்பர் தன் ஆட்களோடு மத்திய தந்தி நிலையத்தின் ஒரு சின்ன அறையில் இருந்து கிராமபோன் இசையை ஒலிபரப்பிப் பார்த்தார். பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிச் சாமான்களை வைத்துத்தான் அந்த அனுப்பியைச் செய்தார்கள் என்பது எல்லா நூலிலும் வருகிற கதை. எங்களுக்குப் பிடித்த கதையும்.

நிலைமையை மாற்றியது 1948. கொலம்பியா கம்பனி நிமிசத்துக்கு 33⅓ சுற்று ஓடுகிற எல்பியைக் கொண்டுவந்தது. ஒரு பக்கத்தில் இருபது நிமிசத்துக்கு மேல் பாட்டு. அதற்காகப் பள்ளத்தைத் தலைமயிர் தடிப்புக்குக் குறுக்கினார்கள். பள்ளம் குறுகினால் ஊசியின் பாரமும் குறையவேண்டும். வருசம் போகப்போக அது நூறு கிராமில் இருந்து ஒன்றரை, ரெண்டு கிராம் வரைக்கும் இறங்கிவந்தது. இப்போது ஊசி ஒரு நில அதிர்வுக் கருவி மாதிரி. கதவைச் சாத்தினாலும் அதற்குத் தெரியும்.

அதோடு இன்னொரு சிக்கல். தட்டில் அடித்தொனியைச் சின்னதாகத்தான் வெட்டுவார்கள், பெரிதாக வெட்டினால் பள்ளங்கள் ஒன்றோடொன்று முட்டும். குறைத்து வெட்டினதை வீட்டுப் பெருக்கி திரும்பக் கூட்டிக் கொடுக்கவேண்டும். ஆகக் கீழ்த்தொனியில் இந்தக் கூட்டல் நடுத்தொனியை விட ஒன்பது பத்து மடங்கு. பெருக்கிக்கு எது மிருதங்கம், எது லொறி என்று தெரியாது. அடியில் வருகிற எல்லாத்தையும் கூட்டும். பிறகு 1958 அளவில் ஸ்டீரியோ தட்டு வந்தது. அதுவரை ஊசி பக்கவாட்டில் அசைந்தால் மட்டும்தான் பாட்டு. ஸ்டீரியோவில் மேலும் கீழும் அசைவதும் பாட்டு. தரையின் அதிர்வு பெரும்பாலும் எந்தத் திசையில் வரும்? மேலும் கீழும்தான்.

இதற்குப் பதில் தேடினவர்களில் எங்களுக்குப் பிடித்தவர் எட்கர் வில்ச்சர் என்ற அமெரிக்கர். 1961ல் அவரது ஏ.ஆர். கம்பனி ஒரு பிளேயரை விட்டது. தட்டும் கையும் ஒரே சட்டத்தில் பூட்டியிருக்கும். அந்தச் சட்டம் மூணு மெல்லிய சுருள்கம்பியில் மிதக்கும். மோட்டர் வெளிச்சட்டத்தில் தனியாக, நடுவில் ஒரு றப்பர் பட்டி. பாட்டு ஓடும்போது பெட்டியைச் சுத்தியலால் அடித்துக் காட்டுவார்களாம், ஊசி துள்ளாது. சுவிட்ஸர்லாந்தின் தோரன்ஸும் 1970களில் ஸ்கொட்லாந்தின் லின்னும் போனது அதே வழியில்தான். ஜப்பான்காரர்கள் வேறு வழி பிடித்தார்கள்: பாரமான உடம்பு, தடித்த றப்பர், அடியில் அதிர்வு தாங்கும் கால். 1979ல் வந்த டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 எம்.கே. 2 அந்த வழியின் உச்சம். டிஸ்கோ மண்டபத்தில் ஸ்பீக்கருக்கு முன்னால் நின்று வேலைசெய்ய வேண்டிய பெட்டி அது.

சரி, எங்கட கரைக்கு வருவோம். எல்பி இங்கே எத்தனை வீட்டில் இருந்திருக்கும்? மிகக் குறைவு. இங்கே வீட்டின் நடுவில் இருந்தது ரேடியோ. அதுவும் வால்வு ரேடியோ. இதில் எங்களுக்குத் தெரியாமல் இருந்த ஒன்றை ரேடியோ திருத்துகிற ஒருவர் சொன்னார், பிறகு வாசித்தும் உறுதிப்படுத்திக்கொண்டோம். ஸ்டேஷன் பிடிக்கிற குமிழைத் திருப்பினால் உள்ளே மெல்லிய தகடுகள் ஒன்றுக்குள் ஒன்று நுழையும். அதை "கேங்" என்பார்கள். ஸ்பீக்கர் அதே பெட்டிக்குள் இருப்பதால் அதன் அதிர்வில் இந்தத் தகடுகள் நடுங்கும். தகடு நடுங்கினால் அலைவரிசை நடுங்கும். அலைவரிசை நடுங்கினால் ஸ்பீக்கரில் ஊளை. சிற்றலையில்தான் இது கூட. அதைத் தடுக்க கேங்குக்குக் கீழே கம்பனியே மூணு சின்ன றப்பர் வளையம் போட்டுத்தான் அனுப்பும். எங்கட உப்புக் காத்திலயும் வெக்கையிலயும் அந்த றப்பர் சில வருசத்தில் கல்லாகிவிடும். பிறகு செய்தியைக் கொஞ்சம் சத்தமாக வைத்தால் பெட்டி கத்தும். அப்போது செய்கிற வைத்தியம், பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிப் புது வளையம் போடுவது. ஹைஃபை சஞ்சிகைகளில் "ஐசொலேஷன்" என்று பக்கம் பக்கமாக எழுதத் தொடங்குவதற்கு முன்னமே கல்முனைக் கடைத்தெருவில் ஒருவர் கத்தரிக்கோலோடு இருந்து அதைச் செய்துகொண்டிருந்தார்.

ரேடியோவைச் சுவரில் அடித்த பலகையில் வைப்பதும் அந்தக் காலத்து வழக்கம். இங்கிலாந்து ஆக்கள் பிளேயருக்குச் சொல்கிற முதல் ஆலோசனையும் சுவர்ப்பலகைதான், தரை ஆட்டத்துக்கு. இங்கே காரணம் அது இல்லை என்று நினைக்கிறோம். பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் இருக்கவேண்டும், நோன்பு திறக்கிற நேரத்துப் பாங்கு அடுப்படி வரைக்கும் கேட்கவேண்டும். எந்தக் காரணத்துக்கு வைத்தாலும் பலன் ஒன்றுதான்.

1970 முதல் 1977 வரைக்கும் இறக்குமதிக் கட்டுப்பாடு. வெளிநாட்டுச் சாமான் என்றாலே கனவு. 1977ல் கதவு திறந்தது, அதோடு சேர்ந்து வளைகுடாப் பயணமும் தொடங்கியது. எங்கட ஊர்களில் ஒரு தலைமுறையே சவூதி, குவைத், கட்டார் என்று போனது. வரும்போது தோளில் வந்தது டூ இன் வன்: ரேடியோவும் கெசட்டும் ஒன்றாக உள்ள பெட்டி. பிலிப்ஸ் 1963ல் கொண்டுவந்த கெசட்டுக்கு எல்பி மாதிரி தொட்டாற்சிணுங்கிக் குணம் இல்லை. பஸ்ஸில் ஓடும், வள்ளத்தில் ஓடும். ஸ்பீக்கரைத் தனியாகக் கழற்றி மண்பானை வாயில் கவிழ்த்து அடித்தொனியைக் கூட்டின காக்காமார் ஊருக்கு ரெண்டு பேராவது இருந்திருப்பார்கள். அதிர்வை அடக்குறதுக்குப் பதிலா வளர்த்த கூட்டம் அது. அதுவும் ஒரு விஞ்ஞானம்தான்.

அப்படியென்றால் கெசட் காலத்தில் துவாய் எதற்கு? இதற்கு விடை அந்தப் பெட்டியில் கிடந்த கெசட்டுகளில் இருந்தது.

பாதிக்கு மேல் பாட்டுக் கெசட் இல்லை, கடிதம். சவூதியில் இருக்கிற வாப்பாவுக்கு இங்கிருந்து உம்மா பேசி அனுப்பின கெசட். அதற்கு அங்கிருந்து வந்த பதில் கெசட். டெலிபோன் இல்லாத காலம், கடுதாசியில் எழுத எல்லாருக்கும் வராது, வந்தாலும் குரல் வராது. ஊருக்குப் போகிற ஒருவரின் கையில் கொடுத்தனுப்புவார்கள். இந்தக் கரையில் வளைகுடாவுக்குப் போன எந்த வீட்டில் கேட்டாலும் இந்தக் கதை வரும்.

டூ இன் வன்னில் மைக் பெட்டிக்குள்ளேயே இருக்கும். மேசையில் வைத்துப் பதிந்தால் மேசையே மைக் ஆகிவிடும். கோப்பை வைத்தால் "டொக்". கதிரையை இழுத்தால் "கர்". பெட்டியின் மோட்டர் மேசையை அதிரவைத்து அந்த இரைச்சலும் திரும்ப உள்ளே வரும். ஆகவே அடியில் துவாய். ஊரில் எல்லாரும் அப்படித்தான் வைத்தார்கள் என்று கூட்டாளியின் வாப்பா சொன்னது இதைத்தான். பாட்டுக் கேட்க இல்லை, பேசி அனுப்ப.

ஒரு கெசட்டில் அது பதிவாகியே இருக்கு. முதல் ரெண்டு நிமிசம் உம்மா பேசுகிறா. நெல்லு விலை, மூத்தம்மாவின் முழங்கால், பள்ளிக்கூடம். பின்னால் "தும் தும்" என்று ஒரு அடி வந்துகொண்டே இருக்கு. பிறகு பேச்சை நிறுத்தி, "மேசையில கை வெக்காதே மனே, சத்தம் விழும், அந்தத் துவாயக் கொண்டா" என்கிறா. ஒரு இடைவெளி. பெட்டியைத் தூக்குகிற சத்தம், வைக்கிற சத்தம். அதற்குப் பிறகு அடி அப்படியே அமுங்கிப்போய், குரல் மட்டும் தனியாகக் கேட்குது. ஒரு துவாய் வைக்கப்படுகிற கணத்தைக் காதால் கேட்டோம். எங்கட கலைப்பீடத்து மொழியில் சொன்னால், முதல்நிலைச் சான்று.

இனி அந்த விலைகூடின கால்களுக்கு வருவோம், நியாயமாக நடக்கவேண்டும். அவை சும்மா இல்லை. மருத்துவத்துக்கும் சப்பாத்து அடிக்கும் பயன்பட்ட சோர்போதேன் என்ற பிசின் மாதிரியான பொருள் 1980களில் ஹைஃபைக்கு வந்தது. அதிர்வை வாங்கி உள்ளேயே சூடாக்கி முடித்துவிடும். பெரிய அளவிலும் இதே யோசனை உண்டு: லண்டனில் நிலக்கீழ் ரயில் நிலையம் ஒன்றுக்கு மேல் 1966ல் கட்டின அல்பனி கோர்ட் என்ற மாடி வீட்டுத் தொகுதி முழுசும் இயற்கை றப்பர் கட்டைகளில் நிற்குது. ஒரு கட்டடத்துக்கே கால் போட்டிருக்கு.

ஆனால் கணக்கு ஒன்று உண்டு. பாரம் ஏறினதும் கால் எவ்வளவு அமுங்குது என்பதில்தான் எல்லாம். ஒரு மில்லிமீற்றர் அமுங்கினால் அது தானாக ஆடுகிற வேகம் செக்கனுக்கு 16 தரம். ஒரு சென்ரிமீற்றர் அமுங்கினால் 5 தரம். அந்த வேகத்தின் ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கு மேலே வருகிற அதிர்வைத்தான் கால் தடுக்கும். அந்த வேகத்துக்குப் பக்கத்தில் வருவதைத் தடுக்காது, கூட்டும்! பிளேயரின் கையும் ஊசியும் சேர்ந்து ஆடுகிற வேகம் வழமையாக 8க்கும் 12க்கும் இடையில். காலின் ஆட்டம் அதோடு பொருந்திவிட்டால் காசு கொடுத்துத் தலைவலி வாங்கின கதை. நாங்கள் பரிசோதித்தோம். வெட்டின டென்னிஸ் பந்துப் பாதிகள் நாலு (ஊரில் இதற்கா பஞ்சம்), மெத்தை ஸ்பொஞ், காற்றுக் குறைத்த சைக்கிள் டியூப்புக்கு மேல் ஒரு பலகை. ஸ்பொஞ் பாரத்தில் முழுசாகத் தட்டையாகிவிட்டது, தட்டையானால் அது பலகைதான். டியூப்தான் வென்றது. வாசலால் லொறி போனபோது ஊசி அசையவே இல்லை. ஆனால் தட்டைச் சமமாக நிறுத்த அரை மணித்தியாலம் போனது.

அதைவிட முக்கியமான ஒன்று. அந்த வரலாறு முழுக்க இங்கிலாந்து, அமெரிக்காவின் மரத்தரையில் எழுதப்பட்டது. அங்கே ஒருவர் நடந்தால் தரை வில் மாதிரி வளைந்து நிமிரும், ஊசி துள்ளும். எங்கட வீடுகள் கடல் மணலுக்கு மேல் போட்ட சீமெந்துத் தரை. நடந்தால் ஒண்டும் ஆகாது. எங்கட பிரச்சினை ஷோகேஸ், ஒரே பலகையில் வைத்த ஸ்பீக்கர், பொத்துவிலில் இருந்து மட்டக்களப்புக்குப் போகிற பெருந்தெரு, பக்கத்து வீட்டுத் தறி. ஸ்பீக்கரைத் தரையில் இறக்கினதும் முக்கால்வாசிப் பிரச்சினை முடிந்தது என்றால் அதில் மாயம் இல்லை. ஆகவே எங்கட தீர்ப்பு: முதலில் ஸ்பீக்கரைப் பிரியுங்கள், பிறகு டியூப்பைத் தேடுங்கள், கால் வாங்குகிற கதை அதற்குப் பிறகு.

கெசட் வேலை இன்னும் முடியவில்லை. 1978 நவம்பர்ச் சூறாவளிக்கு முந்தின எதுவும் அந்த வீட்டில் மிஞ்சவில்லை. கூரையோடு மூத்தப்பாவின் ரேடியோவும் போனது. 2004 டிசம்பர் 26ல் கடலோரத்தில் இருந்த மூத்தம்மாவின் வீட்டில் இருந்தவை எல்லாம் போயின, அவவும் போனா. இந்தப் பெட்டி தெருப்பக்கத்து வீட்டின் பரணில் இருந்ததால் தப்பினது. அவவின் குரல் ரெண்டு கெசட்டில் இருக்கு.

துவாய்க் கெசட்டை ஏத்தினபோது, மென்பொருளில் 150 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிட்டோம். அந்த "தும் தும்" போய்விட்டது, குரல் துலக்கமாக வந்தது. பெருமையோடு போட்டுக் காட்டினோம். கூட்டாளியின் வாப்பா கொஞ்சம் கேட்டுவிட்டு, "இதில தறிச் சத்தம் எங்க?" என்றார். எங்களுக்கு விளங்கவில்லை. நாங்கள் பிள்ளை மேசையில் அடிக்கிறது என்று நினைத்த அடிகளில் பாதி பக்கத்து வீட்டுக் கைத்தறி. நிலத்தால் வந்து, மேசைக்காலால் ஏறி, பெட்டிக்குள் போயிருக்கு. அந்தத் தறி இப்போது இல்லை, அந்த வீடும் மாறிவிட்டது. மற்றப் பாதி கூட்டாளியின் மூத்த காக்கா. அப்போது நாலு வயசு. தம்மாமில் ஒரு அறையில் எட்டுப் பேரோடு இருந்தபோது அந்த முதல் ரெண்டு நிமிசத்தைத்தான் கூடத் திருப்பித் திருப்பிக் கேட்டதாகச் சொன்னார்.

வெட்டினதைத் திரும்பப் போட்டோம். இப்போது ஒவ்வொரு கெசட்டுக்கும் ரெண்டு பிரதி எடுக்கிறோம், கிடந்தபடி ஒன்று, துப்புரவாக்கினது ஒன்று. இன்னும் பதினொரு கெசட் மிச்சம். மூணில் பூஞ்சணம் பிடித்திருக்கு, ஒன்றில் நாடா சுருண்டு கிடக்கு. அந்த ஒன்றின் மேல் மூத்தம்மாவின் பெயர் எழுதியிருப்பதால், கை பழகும் வரைக்கும் அதைத் தொடுவதில்லை என்று வைத்திருக்கிறோம்.